கைப்பிடி அரிசியும் கூதிர்காலத் திருப்பணியும்

(காட்கோபரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மேடையில் கம்பனையோ வள்ளுவனையோ எடுத்துப் பேசுவது நம் வழக்கம். இம்முறை அவ்வழக்கத்தினின்று சற்றே விலகிப் பேச உங்கள் இசைவை வேண்டுகின்றோம். கிறித்தவ சமயக் கிளைகளுள் ஒன்றாகிய பிரஸ்பிட்டேரியன் திருச்சபையார், கோடையும் மழையும் கழிந்த இலையுதிர் மாதங்களில் மேற்கொண்டு வந்துள்ள அறப்பணிகளே நாம் எடுத்துக்கொண்ட பொருள். நாம் அச்சபையைச் சார்ந்தவர் அல்லோம். இவ்வவையில் சைவரும் வைணவரும் உளர். இசுலாமியப் பெருமக்கள் உளர். நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறிய கிறித்தவ அன்பர்கள் பலர் உளர். எச்சமயமும் வேண்டா என்பாரும் உளர். ஒரு சமயத்தின் பெருமையை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பேசுவதற்கு இம்மேடை இடமன்று. அது நம் நோக்கமும் அன்று. பிறந்த மண்ணை விட்டு வந்த மக்கள், அயலூரில் ஒருவரையொருவர் தாங்கி நிற்பதற்கு எத்தகைய ஏற்பாடு வேண்டும் என்னும் வினாவிற்கு விடை தேடிப் புறப்பட்டோம். தேடிய இடத்தில் இது கிடைத்தது. அவ்வளவே.

முதற்கண் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். கிரேக்க மொழியில் ‘பிரஸ்பிட்டெரோஸ்’ என்றால் மூப்பர் என்று பொருள். தமிழ் விவிலியமும் அச்சொல்லை மூப்பர் என்றே வழங்குகின்றது. ஆயர் ஒருவரின் கீழ்ச் சபை அடங்கி நிற்பது ஒரு முறை. சபை மக்கள் தம்முள் தேர்ந்தெடுத்த மூப்பர் குழு, போதகரோடு சமமாக அமர்ந்து சபையை நடத்துவது மற்றொரு முறை. இரண்டாவது முறையே பிரஸ்பிட்டேரியன் முறை. ஸ்காத்லாந்து நாட்டில் வேரூன்றி, அங்கிருந்து உலகெங்கும் சென்றது. நம் நாட்டிற்கும் வந்தது. சென்னை எழும்பூரில் 1821இல் திறக்கப்பட்ட புனித அந்திரேயர் ஆலயம், ‘கிர்க்’ என்று இன்றும் பெயர் பெற்று நிற்கும் அழகிய கட்டடம், ஸ்காத்லாந்தினர் எழுப்பியது. இங்கே, நம் பம்பாயில், 1829இல் வந்திறங்கிய ஜான் வில்சன் அத்திருச்சபையினரே. சௌபாத்திக் கடற்கரையில் நிற்கும் வில்சன் கல்லூரி அவர் பெயரைத் தாங்குகின்றது. தென்னகத்தில் பிரஸ்பிட்டேரியரும் வேறு சில சபையாரும் முன்னரே தம்முள் இணைந்து, பின்னர் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு சபையாரோடு கூடி, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுபட்டனர். வடபுலத்தில் இத்தகைய இணைப்பு 1970 நவம்பரில் நாகபுரியில் நிகழ்ந்தது. ஆகவே இன்று தமிழகத்திலும் மும்பையிலும் அப்பெயரைத் தேடினால் பலகையில் காண்பது அரிது. ஆயின் முறை பெயரோடு மறைந்துவிடவில்லை.

இனிப் பருவத்திற்கு வருவோம். இலையுதிர் காலம் என்று மேனாட்டார் சொல்லை நாம் மொழிபெயர்த்துக்கொண்டோமேயன்றி, நம் முன்னோர் பகுத்த ஆறு பருவங்களுள் அப்படி ஒன்று இல்லை. ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மேனாட்டில் இலை பழுத்து உதிரும் அவ்வேளையில் தென்பாண்டி நாட்டில் வாடைக்காற்றோடு வடகிழக்குப் பருவமழை இறங்குகின்றது. நாம் வாழும் இம்மும்பையிலோ இரண்டும் இல்லை. ஆனியில் தொடங்கிய தென்மேற்கு மழை புரட்டாசி முடிவில் திடுமென நின்றுவிடும். நின்ற மறுநாள் முதல் அக்டோபர் வெயில் நெற்றியைப் பிளக்கும். ஊரில் குடை விரிக்கும்போது இங்கே குடையை மடித்துப் பரணில் போடுகின்றோம். இருபது ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்க்கும் ஐப்பசி வந்தால் மனம் வானத்தை நோக்குவது நிற்பதில்லை.

ஆயினும் ஒன்றில் மூன்று நிலமும் ஒத்து நிற்கின்றன. தாமிரவருணிப் பாசனத்தில் கார் நெல் அறுவடையாகும் காலமும் இது. கொங்கணத்தில் மழை நெல் அறுக்கும் காலமும் இது. ஐரோப்பாவில் கோதுமை களஞ்சியம் சேர்ந்து ஓய்வு கிடைக்கும் காலமும் இது. வயிற்றுக்கு வழி பிறந்த மகிழ்ச்சியும், அடுத்த பருவம் வரை இருப்பதைக் காக்க வேண்டும் என்னும் கவலையும் கூடும் வேளையாதலின், இப்பருவத்தில் நன்றி விழா எடுத்தலும் இல்லார்க்குப் பகுத்தலும் எந்நாட்டார்க்கும் இயல்பாயின. இங்கிலாந்தின் மேற்கு மூலையில், மார்வென்ஸ்டோ என்னும் சிற்றூரில், ஹாக்கர் என்னும் போதகர் 1843 அக்டோபர் முதல் நாளாகிய ஞாயிறன்று அறுவடை நன்றி வழிபாட்டைப் புதுப்பித்தார். அது ஆங்கில நாடெங்கும் பரவிற்று. அவர் ஆங்கிலிக்கர், பிரஸ்பிட்டேரியர் அல்லர். ஆயினும் அவ்விழா சபை வேற்றுமை பாராது எல்லோர்க்கும் உரியதாயிற்று. இம்மும்பையின் தொல்குடிகளாகிய கிழக்கிந்தியக் கத்தோலிக்கர், ‘அகேரா’ என்னும் பெயரால் நெற்கதிரை மந்திரித்துக் கொண்டாடும் விழாவும் அக்டோபர் முதல் ஞாயிற்றிலேயே வருகின்றது. சால்செட்டுத் தீவில் அவர்கள் உழுத வயல்களின்மேல் இன்று மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. வயல் போயிற்று, விழா போகவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம், பின்னர் வேண்டியிருக்கும்.

இவ்வறுவடை விழா நம் நெல்லைச் சீமையில் எவ்வாறு நடைபெறும் என்பதை இங்குள்ள கிறித்தவ அன்பர்கள் நம்மினும் நன்கு அறிவர். நாசரேத்து, சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் ஆகிய ஊர்ப் பக்கங்களில் அறுப்பின் பண்டிகை என்றால் ஊரே திரளும். வழிபாடு முடிந்ததும் ஏலம். வாழைத்தார், பூசணி, முருங்கைக் கட்டு, கருப்பட்டிச் சிப்பம், சேவற்கோழி, ஒரு கிழவி கொணர்ந்த ஆறு முட்டை எல்லாம் ஆலயத்து முற்றத்தில் வரிசையாக அமரும். சந்தையில் சில ரூபாய் பெறும் பப்பாளிப் பழம் அங்கே அதனைப் போல் பன்மடங்கு விலை போகும். எடுத்தவர் அதனை வீட்டிற்குக் கொண்டு செல்வார் என்று எண்ணவேண்டா. மீண்டும் ஆலயத்திற்கே கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்திற்கு வரும். ஒரு பப்பாளி மூன்று முறை விற்கப்பட்டு, இறுதியில் யார் வாயிலும் விழாமல் அழுகிப் போனதும் உண்டு என்று நகையாடுவர். பின்னர் அசனம். சாதியும் செல்வமும் பாராது ஒரே பந்தியில் ஊருணவு.

கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் நாம் நேற்றும் இன்றும் எண்ணிப் பார்த்தது வேறு. ஏலத்தில் உரத்துக் கூவுபவர் செல்வர். முற்றத்தின் ஓரத்தில் நின்று பார்ப்பவர் ஏழை. ஆறு முட்டை கொணர்ந்த கிழவிக்கு அன்று ஒரு நாள் பெருமை. மறுநாள் முதல் அடுத்த ஆண்டு வரை அவளை யார் நினைப்பர்? நிலமே இல்லாதவர், நகரத்தில் கூலி பெறுபவர், எதனை அறுத்து எதனைப் படைப்பர்? விழா ஒருநாள் வெள்ளம். பசி நாடோறும் ஊறும் ஊற்று. வெள்ளத்தைக் கொண்டு ஊற்றை அடைக்க இயலாது.

இதற்கு விடை கண்டவர்கள் நம் நாட்டின் வடகிழக்கு மூலையில் இருக்கின்றனர்.

மிசோரம் மலைநாட்டிற்குப் பிரஸ்பிட்டேரியன் சபை வேல்சு நாட்டிலிருந்து 1890களின் இறுதியில் வந்தது. மலைச்சரிவில் காடு வெட்டி எரித்து நெல் விதைக்கும் மக்கள். கையில் காசு புழங்காத காலம். அரை நூற்றாண்டிற்கு ஒருமுறை மூங்கிற்காடு முழுவதும் பூத்துக் காய்க்க, எலிகள் பெருகி விளைநெல்லை அழித்துவிடும். 1911இலும் 1959இலும் வந்த அப்பஞ்சங்களை அம்மக்கள் ‘மௌதாம்’ என்பர். இவ்வாறு வாழ்ந்தவர்களிடம் சபைக்குக் காணிக்கை கேட்டால் எதனைக் கொடுப்பர்? 1910ஆம் ஆண்டில் அங்குள்ள பெண்கள் ஒரு வழி கண்டனர். சோறு சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இடுவது. வாரம் ஒருமுறை அதனைச் சபையார் வீடு வீடாகத் திரட்டி விற்பர். ‘புஹ்பாய் தாம்’ என்பது அதன் பெயர். தமிழில் அச்சொற்களை அப்படியே பெயர்த்தால் கைப்பிடி அரிசி என்றே வரும்.

அன்று தொடங்கிய வழக்கம் ஒரு நூற்றாண்டு கடந்து இன்றும் நிற்கின்றது. உழவரும் செய்கின்றனர், ஐசால் நகரில் அரசு அலுவல் பார்ப்பவர் வீட்டிலும் செய்கின்றனர். இன்று இக்கைப்பிடிகள் ஆண்டொன்றிற்குப் பல கோடி ரூபாயாகத் திரளுகின்றன. சிறு மாநிலம் ஒன்றின் சபை, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தன் பணிகளைத் தானே நடத்துவதற்கு இதுவும் ஒரு தூண். பெருஞ்செல்வர் ஒருவரும் முன்னின்று இதனைத் தொடங்கவில்லை. அடுப்படியில் நின்ற பெண்கள் தொடங்கினர். சபையின் மூப்பர் குழுவில் அப்பெண்களுக்கு நெடுங்காலம் இடம் தரப்படவில்லை என்பது வேறு கதை. அரிசி கொடுத்த கைக்கு ஆட்சியில் பங்கு கொடுக்கத் தயங்குவது மலைநாட்டில் மட்டும் உள்ள குறையன்று.

அம்மிசோ மக்களிடம் நாம் வியக்கும் வேறொன்றும் உண்டு. வேல்சு நாட்டு அருட்பணியாளரும் உள்ளூர்த் தலைவர்களும் கூடி 1935இல் ஓர் இளைஞர் சங்கம் நிறுவினர். இன்று அது இளம் மிசோ சங்கம் எனப்படும். ஓய்வு நேரத்தை நல்வழியில் செலவிடுதல் அதன் குறிக்கோள்களுள் ஒன்று. ஊரில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் குழி தோண்டுவது அச்சங்கத்து இளைஞர் கடமை. துயருற்ற வீட்டில் இரவு முழுவதும் உடனிருப்பதும் அவர்கள் கடமை. அழைத்து வருவதன்று, அழைக்காமல் வருவது. சங்கம் என்னும் சொல்லுக்கு நாம் கொண்டிருக்கும் பொருளோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்குமாறு இளைஞர்களை வேண்டுகின்றோம்.

கைப்பிடி அரிசி மிசோ மக்களுக்கு மட்டும் உரியதோ எனின், அன்று. அது நம்முடையதும் ஆகும். பிடி அரிசி என்னும் சொல்லைத் தமிழ்நாட்டில் அறியாத பாட்டி இலர். மடங்களும் கோயில்களும் அதனைத் திரட்டின, திருச்சபைகளும் திரட்டின. விருதுநகர்க் கதையை இங்குக் கூறாமல் இருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிறர் பள்ளிகளில் தம் பிள்ளைகள் நுழைய இயலாத நிலையில், அவ்வூர் வணிகப் பெருமக்கள் தாமே ஒரு பள்ளி நிறுவினர். சத்திரிய வித்தியாசாலை என்பது அதன் பெயர். கடைதோறும் பெற்ற மகமையும், வீடுதோறும் தாய்மார் எடுத்து வைத்த பிடி அரிசியுமே அப்பள்ளியை வளர்த்தன. அப்பள்ளியில் படித்த சிறுவருள் ஒருவர் காமராசர். பிற்காலத்தில் அவர் முதலமைச்சராகித் தமிழகத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு அளித்தார் என்பதை உலகம் அறியும். பிடி அரிசியால் எழுத்தறிந்தவர், அரிசியை மீண்டும் பள்ளிக்கே அனுப்பினார். நம் காட்கோபர் கிழக்கில் அவர் பெயரால் ஒரு நகர் இருப்பதும் இவ்வேளையில் நினைவுக்கு வருகின்றது.

மேனாட்டுப் பிரஸ்பிட்டேரியர் செய்த சிலவற்றை விரைந்து சொல்லிவிடுவோம். அமெரிக்காவில் அக்டோபர் இறுதி நாள் இரவில் சிறுவர் பேய் வேடம் பூண்டு வீடு வீடாகச் சென்று இனிப்புப் பெறும் வழக்கம் உண்டு. 1950இல் பிலடெல்பியா நகரை அடுத்து வாழ்ந்த பிரஸ்பிட்டேரியன் போதகர் கிளைடு ஆலிசனும் அவர் துணைவியார் மேரி எம்மாவும், அச்சிறுவர் கையில் பால் பெட்டியைக் கொடுத்து, இனிப்புக்கு மாறாக ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதிக்குக் காசு கேட்கச் செய்தனர். முதலாண்டில் கிடைத்தது 17 டாலர். பின்னர் அது நாடளாவிய இயக்கமாயிற்று. பிட்ஸ்பர்க்கு நகரத்துப் பிரஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்றில், பெரும் பொருளாதார வீழ்ச்சி கண்ட 1933ஆம் ஆண்டில், உலகத்துச் சபைகள் யாவும் ஒரே நாளில் திருவிருந்து கொள்ளட்டும் என்று ஒரு ஞாயிற்றைக் குறித்தனர். பின்னர் அதற்கென நிலைத்த நாள் அக்டோபர் முதல் ஞாயிறு. அகேரா வரும் அதே ஞாயிறு!

நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் செய்தது இவ்விரண்டினும் சிறந்தது என்பது நம் கருத்து. 1956இல் சாந்தி சாலமன் என்னும் அம்மையார், பிரஸ்பிட்டேரியன் பெண்கள் குழுவொன்றோடு கிழக்காசிய நாடுகளில் பயணம் செய்தார். கொரியா நாட்டிற்குள் நுழைய அவருக்கு மட்டும் அனுமதி கிட்டவில்லை. உடன் சென்றோர் புறப்பட்டுவிட, மணிலாவில் தனித்திருந்த நாட்களில் அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. எல்லை மறிக்கும், கடவுச்சீட்டு மறிக்கும், வேண்டுதலை எவர் மறிப்பர்? ஒவ்வொரு பெண்ணும் பிறர்க்காக வேண்டும்போதெல்லாம் தன் நாட்டின் மிகச் சிறிய நாணயம் ஒன்றை எடுத்து வைக்கட்டும் என்றார். பெரிய நாணயம் கூடாது என்பதே அதன் நுட்பம். செல்வச் சீமாட்டியும் கூலிக்காரியும் அங்கே ஒரே அளவினர் ஆகின்றனர். ஏலத்தில் ஓரமாய் நின்றவள் இங்கே ஓரமாய் நிற்க வேண்டியதில்லை.

திரட்டுவது ஒரு பாதி, பகுப்பது மறுபாதி. பகுக்கும் கலையில்தான் பிரஸ்பிட்டேரியர் பிறர்க்கு ஆசான்மார் ஆயினர். கிளாஸ்கோ நகரில் ஆலைகள் பெருகி, ஊர்ப்புறத்து மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து சந்துகளில் நெருங்கி வாழ்ந்த காலம். தாராவியையும் ஆசாத் நகரையும் கண்டவர்க்கு அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்கே 1819இல் புனித யோவான் பங்கிற்குத் தாமஸ் சால்மர்ஸ் என்னும் போதகர் பொறுப்பேற்றார். பதினாயிரம் மக்கள் வாழ்ந்த பகுதி. அதனை அவர் 25 கூறுகளாகப் பிரித்தார். கூறு ஒன்றிற்கு அறுபது முதல் நூறு குடும்பம். ஒவ்வொரு கூற்றிற்கும் உதவிக்காரர் ஒருவர். அவர் செல்வராக இருக்க வேண்டியதில்லை. அக்கூற்றிலுள்ள ஒவ்வொரு கதவையும் தட்டியவராக இருத்தல் வேண்டும். யாருக்கு நோய், யாருக்கு வேலை போயிற்று, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று அவர் சொல்ல முடியாது. அத்தெருவிற்கு அவரே பொறுப்பு.

நான்கே ஆண்டுகளில் அப்பகுதியின் வறியோர் செலவு ஆண்டிற்கு 1,400 பவுனிலிருந்து 280 பவுனாகக் குறைந்தது என்பர். அதனைச் சால்மர்ஸ் பெருவெற்றியாகக் கருதினார். இவ்விடத்தில் நாம் அவரோடு உடன்படவில்லை. அவருடைய உதவிக்காரர், கேட்டு வந்தவரிடம் உனக்கு உறவினர் இலரா, அண்டை வீட்டார் இலரா, வேலை செய்ய இயலாதா என்று அடுக்கிய பின்னரே நிதியின் வாயிலைத் திறப்பர். வாய் திறந்து கேட்கவே நாணும் மானமுடையார்க்கு அவ்வினாக்களே போதும், திரும்பிப் போய்விடுவர். செலவு குறைந்தது பசி குறைந்ததனாலா, கேட்போர் குறைந்ததனாலா என்பதை அக்கணக்கு சொல்லாது. மேலும், ஏழைகளைக் காக்கச் சட்டம் வேண்டா, சபையே போதும் என்று அவர் கருதினார். ஸ்காத்லாந்து நாடே 1845இல் வறியோர் சட்டம் இயற்றிக்கொண்டது. அரசின் கடமையை அரசு செய்தே தீரவேண்டும். பங்கீட்டுக் கடையும் அரசு மருத்துவமனையும் எந்தச் சங்கத்தாலும் ஈடு செய்யக்கூடியவை அல்ல. ஆனால் கூறு பிரித்து, கூற்றிற்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கிய முறை உளதே, அது பொன் போன்றது. வாரத்திற்கு ஒரு பென்னியேனும் ஒவ்வொரு வீடும் தரட்டும், சிறுதுளியே பெருவலிமை என்று அவர் வற்புறுத்தியதும் அவ்வாறே. 1843இல் அவர் தலைமையில் பெரும்பிரிவு ஒன்று அரசுச் சபையை விட்டு வெளியேறிச் சுதந்திரச் சபையாயிற்று. அதற்கு நிலமும் இல்லை, கட்டடமும் இல்லை. அப்பென்னிகளே அதனைத் தாங்கின. பம்பாயில் வில்சனும் சென்னையில் பின்னாளில் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை நடத்திய ஜான் ஆண்டர்சனும் அவ்வணியிலேயே சேர்ந்தனர்.

அச்சபைக்குச் சோதனை விரைவில் வந்தது. 1846 கூதிரில் ஸ்காத்லாந்தின் மேட்டுநிலம் முழுவதும் உருளைக்கிழங்கு நோயுற்று அழுகியது. அம்மக்களுக்கு அதுவே சோறு. அரசு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் முதலில் எழுந்தது மூன்று வயது நிரம்பிய அச்சபைதான். போதகர்கள் தீவுகளுக்குச் சென்றுவர வைத்திருந்த ‘பிரடல்பேன்’ என்னும் கப்பலை உணவு ஏற்றிச் செல்லும் பணிக்குத் திருப்பியது. தன் சபையார்க்கு மட்டும் எனச் சுருக்கிக்கொள்ளவில்லை. கத்தோலிக்கர் வாழும் இடங்களுக்கும் உதவி சென்றது. இரு சபையாரும் முகம் பார்த்துப் பேசாத காலம் அது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். எங்கே எத்தனை குடும்பம் பட்டினி என்பதை அச்சபை உடனே அறிய முடிந்தது எங்ஙனம்? ஊர்தோறும் மூப்பர் இருந்தனர். கணக்கு முன்னமே அவர்கள் நெஞ்சில் இருந்தது.

இப்பொழுது நம் காட்கோபருக்கு வருவோம்.

2000ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் இங்கே ஆசாத் நகர்க் குன்றுச் சரிவு பெயர்ந்து குடிசைகளின்மேல் விழுந்ததை மூத்தவர் மறந்திருக்க மாட்டீர்கள். 60க்கும் மேற்பட்ட உயிர்கள் மண்ணுள் போயின. 2005 சூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அன்று இரவு முன்பின் அறியாதவர்க்குக் கதவு திறந்த வீடுகள் இந்நகரில் எத்தனையோ. பேரிடர் வரும்போது மும்பை மக்கள் மொழி பாராமல் கை கொடுப்பர், அதில் ஐயமில்லை. ஆனால் மழை நின்ற பின் வரும் மாதங்களை எண்ணுங்கள். அவை செய்தித்தாளில் வாரா. எலிக்காய்ச்சலும் டெங்குவும் படுக்கையில் தள்ளும் மாதங்கள் அவை. நாட்கூலி பெறுபவர் இரண்டு வாரம் படுத்தால் அடுப்பு அணைகின்றது. இட்லிப் பாத்திரத்தை மிதிவண்டியில் வைத்து விடியலில் புறப்படுபவர் ஒருநாள் புறப்படவில்லை என்பதை முதலில் யார் அறிவர்? அவரிடம் இட்லி வாங்குபவரே. அவரும் மறுநாள் வேறொருவரிடம் வாங்கிக்கொள்வார்.

முன்னெல்லாம் ஒரே ஊரார் ஒரே சந்தில் குடியிருந்தோம். அழைக்காமலே தெரிந்தது. அந்நிலை மாறி வருகின்றது. காமராசர் நகரும் அதனையடுத்த இரமாபாய் அம்பேத்கர் நகரும் மறுசீரமைப்புத் திட்டத்துள் வந்துள்ளன. இடிபடும் வீட்டார் வாடகை வீடுகளைத் தேடி ஆளுக்கொரு திசையாகப் போவது இந்நகரத்துத் திட்டங்களின் இயல்பு. திரும்பி வருவோர் மாடிக் கட்டடத்தில் மூடிய கதவுகளுக்குப் பின் வாழ்வர். நல்ல வீடு கிடைப்பது நன்றே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் சந்து தானாகச் செய்து வந்த வேலையை இனி யாரேனும் பொறுப்பேற்றுச் செய்யவேண்டும். வயல் மறைந்த பின்னும் அகேராவை விடாத அத்தொல்குடியினரைப் போல, சந்து மறைந்த பின்னும் அவ்வழக்கத்தை நாம் வைத்திருக்க இயலுமா?

இயலும் என்று எண்ணியே செயற்குழுவின் முன் ஒரு திட்டம் வைத்தோம். உறுப்பினர் குடும்பங்களை இருபது இருபதாகப் பிரித்துக்கொள்வது. இருபதிற்கு ஒருவர் பொறுப்பாளர். பெயர் மூப்பர் என்றிருப்பினும் வயது மூத்தவராக இருக்கவேண்டா. பாதிப்பேர் பெண்களாக இருத்தல் நலம். மாதம் ஒருமுறை தம் இருபது கதவையும் அவர் தட்டவேண்டும். வீடு மாறியவர் இருந்தால் எங்கே சென்றார் என்பதை எழுதிக்கொள்ளவேண்டும். வீடுதோறும் ஓர் அரிசிக் கலம். உலையில் அரிசி இடும்போது ஒரு கைப்பிடி. திரண்ட அரிசி, அவ்விருபதினுள் நோயுற்ற வீட்டிற்கு முதலிலும், மிஞ்சியது அடுத்த கூற்றிற்கும் செல்லும். பெற்றவர் யார் என்பது பொறுப்பாளரையன்றி வேறெவர்க்கும் தெரியவேண்டியதில்லை. அரிசி பெறும் வீட்டிலும் கலம் இருக்கும். அவ்வீட்டாரும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வைப்பர். சாந்தி அம்மையாரிடம் நாம் கற்றது இது. அடுத்த வீட்டார் மராத்தியராகவோ குசராத்தியராகவோ உத்தரப்பிரதேசத்தவராகவோ இருந்து, அங்கே அடுப்பு அணைந்திருந்தால், அரிசிக்கு மொழி கேட்கவேண்டா.

செயற்குழுவில் ஓர் அன்பர் கேட்டார்: கைப்பேசியில் ஒரு நொடியில் பணம் அனுப்பும் இக்காலத்தில் அரிசி எதற்கு? ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கிவிட்டால் போதாதா? நல்ல கேள்வி. பணமும் வேண்டும், மருந்துச் செலவை அரிசி தீர்க்காது. ஆனால் நூறு ரூபாயை அனுப்பியவர் அனுப்பிய நொடியிலேயே அதனை மறந்துவிடுகின்றார். அரிசியை ஒவ்வொரு நாளும் ஒரு கை எடுக்கின்றது. அவ்வாறு எடுக்கும்போது, இன்று இதனை யார் உண்பர் என்னும் எண்ணம் அடுப்படியில் நிற்பவர் மனத்தில் ஒரு கணம் எழாமல் இராது. பக்கத்தில் நிற்கும் குழந்தை, ஏன் அம்மா எடுத்து வைக்கிறாய் என்று கேட்கும். தமிழை இங்கு வளரும் பிள்ளைகளுக்கு எவ்வாறு கொடுப்பது என்று ஆண்டுதோறும் இம்மேடையில் வருந்துகின்றோமே. அக்கேள்விக்குத் தாய் தமிழில் விடை சொல்லட்டும். இன்னோர் அன்பர், இதெல்லாம் மூன்று மாதம் ஓடும், பின்னர் நின்றுவிடும் என்றார். இருக்கலாம். ஆகவேதான் புரட்டாசி முதல் மார்கழி முடிய நான்கு மாதத்திற்கு மட்டும் தொடங்குகின்றோம். பொங்கல் விழாவன்று வந்த அரிசியும் சென்ற அரிசியும் படிக்கணக்கில் பொதுவில் படிக்கப்படும். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அன்று நீங்களே முடிவு செய்வீர்கள்.

தெருவாரியாகப் பிரித்த பட்டியல் வாயிற்புறத்துப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. இரண்டு கூறுகளுக்கு இன்னும் பொறுப்பாளர் அமையவில்லை. குன்றின்மேல் படி ஏறிச் செல்ல வேண்டிய கூறுகள் அவை. கால் வலுவுள்ள இளைஞர் இருவர் பெயர் கொடுத்தால் இன்றே நிறைவுறும். மூடியிட்ட கலங்கள் மேடையின் இடப்புறம் அடுக்கப்பட்டிருக்கின்றன. விருந்துண்டு திரும்பும்போது வீட்டிற்கு ஒன்றாக எடுத்துச் செல்லுமாறு தாய்மார்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.